ஊர்க்காரர் என்றால் ஜூனியராகச் சேர்த்துக்கொள்வார்களா? – கேள்வி பதில்

நான் 1997-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தேன். முதல் ஏழு ஆண்டுகள் சென்னையிலும், 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகு மதுரையிலும் தொழில் செய்கிறேன். சீனியர் அலுவலகங்களிலும் லா ஃபர்ம்களிலும் இடம் கிடைப்பதில் சொந்த ஊர் என்ன செய்கிறது என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: நான் சென்னையில் பிறந்து வளர்ந்த இறுதியாண்டு மாணவி. மதுரையில் ஒரு ஃபர்மில் நேர்முகத்துக்குப் போனபோது, மதிப்பெண்ணைப் பார்க்காமல், “உங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?” என்றுதான் முதலில் கேட்டார்கள். ஏன்?

பதில்: நீங்கள் நிலைத்து இருப்பீர்களா என்பதே அந்தக் கேள்வியின் பொருள். கேஸ் கட்டைப் படித்துக் குறிப்பெடுப்பது, பதிவகத்திலிருந்து திரும்பிய பேப்பரைச் சரிசெய்து நம்பர் வாங்குவது, எதிர்த்தரப்பு வக்கீலிடம் முகம் சுளிக்காமல் வாய்தாவுக்கு ஒப்புதல் வாங்குவது ஆகியவற்றை ஒரு ஜூனியருக்குப் பழக்கிவிட ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. அந்த ஓராண்டு முடிந்ததும் அவர் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டால் அலுவலகத்துக்கு நஷ்டம். அப்படி இரண்டு பேரை இழந்த எந்த சீனியரும் மூன்றாவது முறை ஊரைக் கேட்காமல் இருக்கமாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. பலசரக்குக் கடைக்காரர் நோட்டீஸ் அடிக்கலாம், நாம் அடிக்க முடியாது. ஆகவே வழக்கு என்பது பெரும்பாலும் முன்பு வழக்கு நடத்தியவர் சொல்லியோ, மாவட்ட நீதிமன்றத்து வக்கீல் அனுப்பியோ, சொந்தபந்தம் கைகாட்டியோதான் வருகிறது. ஊர்த் தொடர்பு உள்ள ஜூனியரை அலுவலகம் விரும்புவது இதனால்தான்.

உங்களுக்கு மதுரையில் உறவினர் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லுங்கள். கோடை விடுமுறைக்குள் இரண்டு மாதம் இங்கே ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்து, உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் ஒத்தக்கடைக்கு நகரப் பேருந்தில் போய்வந்து பழகியிருந்தால், இல்லாத பெரியப்பாவைவிட அது வலுவான சான்று.

கேள்வி: நான் நாகர்கோவில்காரன். மதுரையில் எனக்கு ஊர் என்ற சலுகை இருக்காதே?

பதில்: உங்களுக்குத்தான் கூடுதலாக இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால், அங்கிருந்து வரும் பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில், ஆவணியில் தொடங்கும் கேரளத்துக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. என் அலுவலகத்தில் ஒருமுறை ஒரு பாகப்பிரிவினை வழக்கின் மூல ஆவணத்தில் 1105 என்று ஆண்டு போட்டிருந்ததைப் பார்த்து, சென்னையில் படித்துவிட்டு வந்த ஜூனியர் அதைத் தட்டச்சுப் பிழை என்று குறித்து வைத்துவிட்டார். தக்கலையிலிருந்து வந்த பையன் ஓரத்தில் நின்றபடியே, “மாதம் தைக்கு முந்தியது என்றால் 824 கூட்டுங்கள் சார், தையிலிருந்து 825” என்றான். மாதத்தைப் பார்த்தோம், ஆவணம் 1930-ஐச் சேர்ந்தது. அந்த நிமிடத்திலிருந்து அந்த மாவட்டத்துக் கட்டுகள் எல்லாம் அவன் மேசைக்குத்தான் போயின.

தஞ்சைக்காரருக்கும் இப்படியே ஒரு மதிப்பு உண்டு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற நில அளவு அவருக்குப் பாட்டி சொன்ன கணக்கு. மற்றவர்களுக்குப் பயமுறுத்தும் பட்டியல். நேர்முகத்தில் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல், அந்த ஊரால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சித்தப்பா வட்டாரத்தில் செல்வாக்குள்ளவர். மாதம் ஐந்து வழக்குகள் கொண்டுவருவேன் என்று சொல்லி இடம் கேட்கலாமா? அவருக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும்.

பதில்: கூடவே கூடாது. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடுவது விதிமீறல். தரகு வாங்கி வழக்குப் பிடித்துக் கொடுப்பவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியும். சேர்வதற்கு முன்பே வழக்கு எண்ணிக்கையை வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாவது மாதம் வழக்கு வராதபோது உங்கள் முகத்தை அல்ல, சித்தப்பாவின் முகத்தைத்தான் சீனியர் தேடுவார்.

கேள்வி: கோயம்புத்தூர்க்காரன். மதுரைக் கிளையில் எங்கள் ஊர் வழக்குகளை வைத்து வளரமுடியுமா?

பதில்: முடியாது, கோவை, சேலம் வழக்குகள் சென்னைக்குப் போகின்றன.

கேள்வி: எங்கள் ஊர் சீனியர், “நம்ம பையன்தானே” என்று சொல்லி எட்டு மாதமாகப் பேருந்துக் காசு மட்டும் தருகிறார்.

பதில்: ஊர்ப் பாசத்தின் விலை பல இடங்களில் இதுதான். உயர் நீதிமன்றம் 2024-இல் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் இளம் வழக்கறிஞர்களுக்குக் குறைந்தபட்சமாகத் தரவேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை மரியாதையாக ஒருமுறை நினைவூட்டுங்கள். பலன் இல்லையென்றால், அசலூர்க்காரரிடம் போய்ச் சேருங்கள்.

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம். மதுரையில் இடம் கிடைக்குமா?

பதில்: முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள். வழக்கு கொண்டுவருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பதிவுக் கட்டணம் எவ்வளவு?

பதில்: இது இங்கே பேசும் பொருள் அல்ல, பார் கவுன்சில் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் ஊரைக் கேட்பதற்கு நியாயம் சொல்கிறீர்கள். என்னிடம் ஊரைக் கேட்டார்கள், சொன்னேன். “அங்கே எந்தத் தெரு?” என்றார்கள், அதையும் சொன்னேன். மறுநாள் இடம் இல்லை என்று குமாஸ்தா போன் செய்தார்.

பதில்: உங்களிடம் நான் எந்த நியாயமும் சொல்லப்போவதில்லை. ஊரைக் கேட்பதற்கு வேலை சார்ந்த காரணம் இருக்கலாம். தெருவைக் கேட்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது.

கேள்வி: எல்லாவற்றையும் சாதியாகப் பார்ப்பது சரியல்ல. தெரிந்த குடும்பமா என்று அறிவதற்காகவும் தெருவைக் கேட்பார்கள். எனக்கும் கேட்டார்கள், நான் சேர்ந்தேன்.

பதில்: நீங்கள் சேர்ந்தீர்கள் என்பதுதான் உங்களுக்கு முன் கேட்டவர் சொல்வது. தெரிந்த குடும்பமா என்று அறியவேண்டுமானால் தந்தையின் பெயரைக் கேட்கலாம், பள்ளியைக் கேட்கலாம். நம் கிராமங்களில் தெருவின் பெயர் எதைச் சொல்லிவிடும் என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும்.

கேள்வி: அப்படியானால் ஊரைக் கேட்பதையே நிறுத்தவேண்டியதுதானே? உங்கள் அலுவலகத்தில் நிறுத்திவிட்டீர்களா?

பதில்: ஊரைக் கேட்கிறேன், தேர்வு முடிந்த பிறகு, எந்த மாவட்டத்துக் கட்டுகளைக் கொடுப்பது என்று பார்ப்பதற்காக. முன்பெல்லாம் முதலிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். 1997-இல் சென்னையில் நான் சேர்ந்த முதல் அலுவலகத்தின் வராந்தாவில் என்னோடு ஒரே பெஞ்சில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்; அவரும் என் மாவட்டம், பக்கத்து ஊர். என்னைவிட நன்றாக ஆங்கிலத்தில் வரைவு எழுதக்கூடியவர் என்பது காத்திருந்த நேரத்தில் அவர் காட்டிய தாள்களிலிருந்தே தெரிந்தது. இருவரிடமும் ஊரையும் தெருவையும் கேட்டார்கள். எனக்கு அன்று மாலையே மேசை கொடுத்தார்கள். ஊர்க்காரன் என்பதால் கிடைத்தது என்று பல ஆண்டுகள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஊர்க்காரர்தான் என்பது வெகுநாள் கழித்தே எனக்கு உறைத்தது.

கேள்வி: தேனி மாவட்டம் சார். மதுரையில் எனக்கு இடம் கிடைக்குமா?

பதில்: மேலே மூன்று முறை சொல்லிவிட்டேன். விடுமுறைப் பயிற்சிக்கு மார்ச் மாதத்துக்குள் சீனியர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் மாவட்டத்தின் பெயர் இருந்தால் போதும்.