வகுப்பு நிரம்பிவிட்டது என்று காட்டினால்

வணக்கம் தம்பி. ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி வந்திருக்கிறீர்கள். ஊரில் ஒப்புக்கொண்ட பாடங்களில் இரண்டு போர்ட்டலில் ‘இடமில்லை’ என்று காட்டுகிறது, கிரெடிட் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். பதற வேண்டாம்.

பெரிய விரிவுரைகளில் இந்தச் சிக்கல் குறைவு. செமினார், லேப் வகுப்புகளில்தான் இடம் சீக்கிரம் தீரும். பேராசிரியருக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள், எக்ஸ்சேஞ்ச் மாணவர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். முதல் வகுப்புக்கு நேரிலும் போங்கள். பதிவு செய்தவர்களில் சிலர் வராமலே போவதுண்டு. கூடவே மாற்றுப் பாடம் ஒன்றைப் பார்த்து, அதன் பாடத்திட்டத்தை உங்கள் கல்லூரிக்கு அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். போனில் ‘சரி’ என்றால் போதாது. லேர்னிங் அக்ரிமென்ட்டை, அதாவது எந்தப் பாடங்கள் படிப்பீர்கள் என்று நீங்களும் இரு கல்லூரிகளும் ஒப்புக்கொண்ட பட்டியலை, இங்கே வந்த பிறகு திருத்துவது சகஜம்தான். மாற்றும்போது மொத்தக் கிரெடிட்டையும் பாருங்கள்: முழு செமஸ்டர் என்றால் 30 இசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் கணக்கு).

இதைவிட எனக்குக் கவலை வேறு. இங்கே பல பல்கலைக்கழகங்களில் வகுப்புக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுப் பதிவின் கெடு செமஸ்டர் நடுவிலேயே முடிந்துவிடலாம். தவறவிட்டால், ஒரு நாள் விடாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் தேர்வு எழுத முடியாமல் போகும். அந்தத் தேதியை முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எந்தத் துறை என்று எழுதுங்கள், மாற்றுப் பாடம் நானும் சேர்ந்து தேடுகிறேன்.