ஓரெம் கோட்பாடு: பக்கவாத நோயாளிக்கு எந்த முறை?

பக்கவாத நோயாளிக்கு முழு ஈடுசெய்யும் முறை (எல்லாப் பராமரிப்பையும் செவிலியரே செய்வது) என்று கேர் பிளானில், அதாவது செவிலியர் பராமரிப்புத் திட்டத்தில், எழுதினீர்கள்; ஆசிரியர் அதைத் திருப்பித் தந்துவிட்டார், எந்த முறை சரி என்று கேட்டிருக்கிறீர்கள். செவிலியர் துறை அறிஞர் டொரோத்தியா ஓரெமின் தன்-பராமரிப்புக் கோட்பாட்டின்படி, பகுதி ஈடுசெய்யும் முறைதான் (முடிந்ததை நோயாளியும் மீதியைச் செவிலியரும் செய்வது) சரி. வலப்பக்கம் செயலிழந்தவர் இடது கையால் தானே சாப்பிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் முழு ஈடுசெய்யும் முறை எப்படிப் பொருந்தும்? ஆசிரியர் கேர் பிளானைத் திருப்பித் தந்தது அதனால்தான் இருக்கும்.

நோயின் பெயரைப் பார்த்து முறையைத் தேர்ந்திருப்பீர்கள். ஓரெம் பார்க்கச் சொல்வது, நோயாளியால் தன்னை எவ்வளவு கவனித்துக்கொள்ள முடிகிறது என்பதைத்தான்.

சாப்பாடு, குளியல், கழிப்பறை, உடை ஒவ்வொன்றிலும் அவர் செய்வது எது, நீங்கள் செய்வது எது என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள். செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் விடக் கற்றுக்கொடுத்தால், மீதியைப் பெரும்பாலும் அவரே போட்டுக்கொள்வார். இந்த வரி உங்கள் கேர் பிளானில் கட்டாயம் இருக்கட்டும்.

ஆனால் விழுங்கும்போது இருமினால் வாய்வழி உணவை நிறுத்தி உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். உணவுக்கு மட்டும் அப்போது முழு ஈடுசெய்யும் முறைக்கு மாறும்.