முப்பது மணி நேர வேலையா?

கேள்வி: டொரன்டோவில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகளுக்குத் தென்கொரியாவில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை வந்திருக்கிறது. வாரம் 30 மணி நேரம்தான், தங்க வீடும் உண்டாம். நம்பலாமா?

பதில்: வீடு தருவது அங்கே வழக்கம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். அந்த 30 மணி நேரத்தில்தான் சூட்சுமம். பெரும்பாலும் அது வகுப்பில் நிற்கும் நேரம் மட்டும். பாடம் தயாரிப்பது, நோட்டு திருத்துவது, பெற்றோருக்கு ரிப்போர்ட் எழுதுவதெல்லாம் கணக்கில் வராது. அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டத்திலேயே வகுப்பு வாரம் 22 மணி நேரம் என்றாலும், தினம் 8 மணி நேரம் பள்ளியில் இருந்தாக வேண்டும். ஹாக்வான் எனும் தனியார் சென்டர்களில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகுதான் வேலையே சூடு பிடிக்கும், வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும்.

அப்புறம், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று பார்க்கச் சொல்லுங்கள். முழுதாக ஒரு வருடம் வேலை பார்த்தால் விலகும்போது குறைந்தது ஒரு மாதச் சம்பளம் தரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதைத் தராமல் தப்பிக்கவே சிலர் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள். அப்படி இருந்தால் கையெழுத்தே போட வேண்டாம்.