பிரசவத் திட்டம், பனிக்குடம், வலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிப் பேர் எத்தனையாவது வாரம் என்றே எழுதவில்லை. முதல் பிரசவமா, முன்பு சிசேரியன் ஆகியிருக்கிறதா, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா, எதுவும் இல்லை. "டாக்டர், எனக்கு எப்போது வலி வரும்?" என்று ஒற்றை வரியில் கேட்டால் நான் என்ன சொல்வது? அடுத்த முறை இவற்றை எழுதிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: முதல் குழந்தை, 36 வாரம். இணையத்தில் ஒரு பிரசவத் திட்டப் படிவம் கிடைத்தது, நான்கு பக்கம். எல்லாவற்றையும் டிக் செய்து வைத்துவிட்டேன். வலி வந்து அட்மிட் ஆகும்போது நர்ஸிடம் கொடுத்தால் போதும்தானே?

பதில்: போதாது. இதை எத்தனை தடவை எழுதினாலும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. ஒரு முறை கர்ப்பப்பை வாய் 7 சென்டிமீட்டர் திறந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு வலியோடு இருந்த ஒரு பெண் பையிலிருந்து இப்படித்தான் நான்கு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். படித்துப் பார்த்து அவரிடம் ஒன்றைக் கேட்பதற்குள் அடுத்த வலி வந்துவிடும், பக்கத்தில் நின்ற கணவரைக் கேட்டால் அவர் அந்தத் தாளையே அன்றுதான் பார்க்கிறார். எனிமா வேண்டாம், மழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. அந்த மருத்துவமனையில் அந்த இரண்டுமே நிறுத்திப் பல வருடமாகிறது. தண்ணீர்த் தொட்டியில் பிரசவம் என்பதற்கும் டிக் போட்டிருந்தார், அங்கே தொட்டியே கிடையாது. ஆனால் முன்பு ஒரு ஊசி அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனதே, அது நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அவருடைய அம்மா வாசலில் நின்று சொன்னதால்தான் தெரிந்தது.

யாரோ எந்த மருத்துவமனைக்கோ தயாரித்த படிவத்துக்கு உங்கள் உடம்பைப் பற்றி என்ன தெரியும்? 32 வாரத்திலிருந்து 36 வாரத்துக்குள் உங்கள் டாக்டரிடம் இதற்காகவே நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள், பேசியதை எழுதி வையுங்கள், அதுதான் திட்டம். முதலில் அங்கே வழக்கம் என்ன என்று கேளுங்கள். வலியின்போது எழுந்து நடக்கலாமா, துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாமா, எபிடியூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) இரவு இரண்டு மணிக்கும் கிடைக்குமா, குழந்தையின் துடிப்பை அவ்வப்போது கேட்பார்களா இல்லை துடிப்பையும் வலியையும் விடாமல் பதிவு செய்யும் சி.டி.ஜி. பெல்ட்டை வயிற்றில் கட்டியே வைப்பார்களா, உள்பரிசோதனை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை (எல்லாம் சரியாகப் போனால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும்). அங்கே தானாகவே நடப்பதை எழுதத் தேவையில்லை. மீதியில் உங்கள் மனசுக்கு முக்கியமான ஐந்தாறு விஷயங்களை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள், ஒவ்வாமை இருந்தால் அது முதல் வரி.

அப்புறம், கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி. வலியை வரவழைக்க வேண்டி வந்தால் என்ன? சிசேரியன் ஆனால்? குழந்தையை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனால் கணவர் குழந்தையோடு போவதா, உங்களோடு இருப்பதா? இதை எழுதாத திட்டம் பாதித் திட்டம்தான். நினைத்தபடி நடக்கவில்லை, நான் தோற்றுவிட்டேன் என்று பிரசவமான மூன்றாம் நாள் அழுத பெண்களோடு நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். குழந்தை நன்றாக இருக்கும், தாயும் நன்றாக இருப்பார், ஆனாலும் அழுகை நிற்காது. அவர்களில் பெரும்பாலோரிடம் சிசேரியனைப் பற்றி யாரும் அதற்கு முன் வாய் திறந்திருக்கவே இல்லை. எங்கள் துறைக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கேஸ் ஃபைலில், ஒன்று பையில், ஒன்று துணைக்கு வருபவர் கையில். அவர் அதை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும்.

கேள்வி: 38 வாரம். இரண்டு நாளாக அசைவு குறைவு. கடைசி மாதத்தில் இடம் போதாமல் அப்படி ஆவது சகஜம்தானே?

பதில்: இல்லை. இதைக் கடிதம் எழுதிக் கேட்டதே தவறு. பார்த்த உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே திரும்பச் சொல்கிறேன். கடைசி வாரங்களில் அசைவின் தன்மை கொஞ்சம் மாறலாம், உதை குறைந்து உருளுவது போலத் தெரியலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. வலி ஆரம்பித்த பிறகும் குழந்தை அசைய வேண்டும். வழக்கத்தைவிடக் குறைவு என்று தோன்றினால் அன்றைக்கே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் துடிப்புக் கேட்கும் கருவி வைத்துக்கொண்டு "கேட்கிறது, சரி" என்று படுத்துவிடாதீர்கள். பத்துப் பேர் வந்து ஒன்பது பேர் சும்மா திரும்பிப் போனாலும் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

கேள்வி: எந்த நேரத்தில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்? முதல் பிரசவம், வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

பதில்: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவம் என்றாலோ தூரம் அதிகம் என்றாலோ இன்னும் முன்னதாக. நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடுகிற வலி பொய் வலி. மெய் வலி அடங்காது, போகப்போக நெருங்கும், கூடும். முதல் பிரசவத்தில் ஆரம்பக் கட்டமே ஒரு நாள் இழுக்கலாம், அதை வீட்டில் கழிப்பது நல்லது, தூங்க முடிந்தால் தூங்குங்கள். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை நம்பிப் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே அந்த வேகம் பல பெண்களுக்குப் பொருந்தாது என்கிறது, வேகம் பிடிக்கும் கட்டத்தையும் 5 சென்டிமீட்டரிலிருந்துதான் கணக்கிடுகிறது.

இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டியவை: ரத்தப்போக்கு, விடாத தலைவலியோடு பார்வை மங்குவது, 37 வாரத்துக்கு முன்பே வலி, பச்சையாகவோ பழுப்பாகவோ வரும் பனிக்குட நீர், அசைவு குறைவு.

கேள்வி: பனிக்குடம் உடைந்தது, ஆனால் வலி இல்லை என்றால்?

பதில்: மணி பாருங்கள், நாப்கின் வையுங்கள், நிறமும் வாடையும் கவனியுங்கள், மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுப் போங்கள். நிறைமாதத்தில் தெளிந்த நீர் என்றால் பதற்றம் வேண்டாம், பத்தில் ஆறு பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாக வந்துவிடும். அதற்காக வீட்டிலேயே காத்திருக்காதீர்கள், நேரம் போகப்போகத் தொற்று பயம் உண்டு. நீரோடு கயிறு போல ஏதாவது வெளியே வந்தால் அது தொப்புள் கொடி. முழங்கால் போட்டு, தலையும் மார்பும் தரையோடு, இடுப்பு உயரத்தில் இருக்கும்படி குனிந்துகொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். அபூர்வம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எபிடியூரல் போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி, கடைசியில் சிசேரியன்தான் என்கிறார்களே?

பதில்: இரண்டும் உண்மையில்லை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும். நீண்ட கால முதுகு வலிக்கு எபிடியூரல் காரணமில்லை, சிசேரியன் வாய்ப்பும் அதனால் கூடுவதில்லை. முக்குகிற கட்டம் நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், நூற்றில் ஒருவருக்குப் பின்னால் கடும் தலைவலி வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. வேண்டுமென்றால் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. வேண்டாம் என்று எழுதியவர் நடுவில் மனம் மாறினாலும் தவறில்லை. ஆனால் ஊசி போட்டு வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும், அதனால் கடைசி நிமிடம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: பிறப்புறுப்பில் வெட்டித் தையல் போடாமல் இருக்க என்ன செய்யலாம்? 33 வாரம்.

பதில்: எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. குழந்தையின் துடிப்பு இறங்கி அவசரமாக எடுக்க வேண்டி வந்தாலோ ஆயுதம் (குழந்தையை வெளியே எடுக்க உதவும் இடுக்கி போன்ற கருவி) போட வேண்டி வந்தாலோ தேவைப்படலாம், அப்போதும் உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும். இதைத் திட்டத்தில் எழுதுங்கள். 34, 35 வாரத்திலிருந்து வாரம் இரண்டு தடவை பெரினியம் (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள பகுதி) மசாஜ் செய்தால் முதல் பிரசவக்காரர்களுக்குக் கிழிசல் குறைகிறது. முக்கும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்தோ முழங்காலிலோ இருக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: தேதி தாண்டி மூன்று நாள். விளக்கெண்ணெய் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகப் பிரசவத்துக்குப் போவீர்கள். சொன்ன தேதியில் பிறப்பது இருபதில் ஒன்றுதான். 41 வாரம் வரும்போது வலி வரவழைப்பது பற்றி டாக்டரே பேசுவார். அதுவரை அசைவைக் கவனியுங்கள்.

கேள்வி: முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா?

பதில்: முயன்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஆகிறது. பழைய தழும்பு பிரிவது 200-இல் ஒருவருக்கு. முதல் தடவை எதற்காகச் செய்தார்கள், கர்ப்பப்பையில் எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு, அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். எந்த நேரமும் உடனே ஆபரேஷன் செய்ய வசதி உள்ள இடத்தில் மட்டும் முயலுங்கள்.

கேள்வி: சிசேரியன் ஆனால் குழந்தையை உடனே மார்பில் போடுவது, தொப்புள் கொடியைத் தாமதித்து வெட்டுவது எல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது. குழந்தை நன்றாக அழுதால் அங்கேயும் 1 நிமிடமாவது காத்திருந்து வெட்டலாம், நீங்கள் விழித்திருந்தால் ஆபரேஷன் டேபிளிலேயே மார்பில் வைக்கலாம். முதல் மணி நேரத்தில் பால் கொடுக்கவும் முயலலாம். முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அன்றைக்குக் கேட்டால் ஏற்பாடு இருக்காது.

கேள்வி: துணைக்குக் கணவரா, அம்மாவா? கணவருக்கு ரத்தம் கண்டாலே மயக்கம்.

பதில்: நீங்கள் கத்தினாலும் பதறாமல் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடியவர் யாரோ அவர். உறவு முறை இரண்டாம் பட்சம். கணவர் தலைமாட்டில் உட்கார்ந்தால் ரத்தமே கண்ணில் படாது, அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பை எப்போது தயாராக இருக்க வேண்டும்?

பதில்: 36 வாரத்தில். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஃபைல் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும், துணிகளுக்கு அடியில் வைக்காதீர்கள்.