முதலில் டியூப் லைட்டை அணையுங்கள்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. இந்த வருடம் சிங்கப்பூரின் பொங்கோலில் எங்கள் பிடிஓ வீட்டுச் சாவி, அதாவது பதிந்தபின் கட்டித் தரும் அரசு அடுக்குமாடி வீட்டின் சாவி, கைக்கு வந்தது. நாலறை வீடு. சொந்த வீட்டில் இது எங்களுக்குத் தலைத் தீபாவளி மாதிரி. வீட்டை அலங்கரிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

இணையத்தில் தேடினால் கணப்பு அடுப்பும் கம்பளிக் காலுறையும் தொங்கும் கிறிஸ்மஸ் வீடுகள் வருகின்றன. இல்லாவிட்டால் ஊரில் பங்களா வைத்திருப்பவர்கள் முற்றம் முழுக்கச் சாமந்தியைக் கொட்டிப் படம் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வாசல் என்றாலே ஒரு கதவு, ஒரு இரும்புக் கேட், அவ்வளவுதான். கணவர், “லிட்டில் இந்தியாவுக்குப் போய்த் தேக்காவில் ஒரு பிளாஸ்டிக் தோரணம் வாங்கி மாட்டு, அடுத்த வருஷமும் ஆகும்” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏழு வயதில் ஒன்று, நாலு வயதில் ஒன்று எனப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதிகச் செலவில்லாமல், நாங்களே கையால் செய்து, உள்ளே நுழைந்ததும் பண்டிகை வீடு என்று தோன்ற என்ன செய்யலாம்?

பி.கு.: அலங்காரத்தை எப்போது எடுப்பது? கார்த்திகை வரை இருக்கட்டும் என்கிறார் மாமியார். மறுநாளே கழற்றிவிடு என்கிறார் இவர்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பொங்கோல்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. தேக்காவுக்குப் போகத்தான் வேண்டும். பிளாஸ்டிக் தோரணம் மட்டும் வேண்டாம். அது அடுத்த வருடமும் ஆகும் என்பதுதான் அதில் எனக்குப் பிடிக்காததே. நாலைந்து தீபாவளி பார்த்த தோரணத்தின் மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கும் என்பது ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தவர்களுக்குத் தெரியும்.

முழு வீட்டையும் அலங்கரிக்கப் பார்க்காதீர்கள். நாலறை வீடு என்பது ஏறத்தாழ 90 சதுர மீட்டர். சோபா, டிவி, பிள்ளைகளின் புத்தகப் பைகள், துணி காயும் கம்பு எல்லாம் போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். அதிலே சுவருக்குச் சுவர் எதையாவது தொங்கவிட்டால் வீடு தள்ளுபடி சீசனில் துணிக்கடை மாதிரி ஆகிவிடும். வாசல், கூடத்தில் ஒரு மூலை, வெளிச்சம். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற சுவர்கள் சும்மா இருந்தால்தான் இந்த மூன்றும் கண்ணில் படும்.

வெளிச்சத்தை முதலில் கவனியுங்கள், அதற்குக் காசே தேவையில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் கூரையில் இருப்பது ‘டேலைட்’ என்று அட்டையில் போட்ட 6500கே வெள்ளை விளக்கு. (‘கே’ என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு. எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்.) வீட்டுப்பாடம் எழுதவும் மீன் ஆயவும் நல்ல விளக்கு. அதைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே எத்தனை அகல் ஏற்றினாலும் எடுபடாது. தீபாவளிச் சமயத்தில் இங்கே மாலை 6.50 வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. விளக்கேற்றும் அந்த நேரத்துக்குக் கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். மூலையில் ஒரு மேசை விளக்கு, ஜன்னல் ஓரத்தில் ஒரு சரம் எல்இடி, இரண்டும் ‘வார்ம் வைட்’டாக இருக்கட்டும். அட்டையில் 2700கே அல்லது 3000கே என்று போட்டிருக்கும். பல வண்ணத்தில் மினுக் மினுக்கென்று ஓடும் சரம் வேண்டாம். சிராங்கூன் ரோட்டுத் தீபாவளி ஒளியூட்டில் தலைக்கு மேலே அது அழகு. கூடத்தில் பத்து நிமிடத்தில் தலைவலி. மின்சாரத்தில் ஓடும் சரமென்றால் அதன் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இனி வாசல். தோரணத்துக்கு மாவிலைதான். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் தேக்காவில் பஃபலோ ரோட்டுப் பூக்கடைகளில் கேட்டால் கட்டாகக் கிடைக்கும். முந்தின நாள் வரை தள்ளிப்போட்டால் கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மாமரம் இருக்கலாம், கையெட்டும் உயரத்தில் கிளையும் இருக்கலாம். ஆனாலும் அதில் கை வைக்காதீர்கள். பொது இடத்து மரம் நம்முடையது இல்லை, அபராதம் கட்ட வேண்டிவரும்.

வாங்கி வந்த இலையை ஒரு இரவு தண்ணீரில் போட்டு, மறுநாள் ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். பழைய பனியனில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மேல்பக்கத்தை மட்டும் தடவினால் பளபளப்பு வரும். இந்த வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். காம்புப் பக்கத்தைச் சணல் கயிற்றின் மேல் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் போதும், ஈர்க்குக் குச்சி தேட வேண்டாம். இலைக்கு இலை இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். நெருக்கிக் கட்டினால் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். கதவுச் சட்டத்தில் ஆணி அடிக்காதீர்கள், ஒட்டிப் பிரிக்கிற கொக்கி பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போதும். மாட்டிய பிறகு கேட்டையும் கதவையும் ஒரு முறை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். தோரணம் கிழிவது எப்போதும் முதல் விருந்தாளி வரும்போதுதான்.

கோலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் கடிதத்தில் அதைக் கேட்கவே இல்லை என்றாலும். ஒட்டுக்கோலம் என்று ஸ்டிக்கர் விற்கிறார்களே, அதை வாங்கிவிடுவீர்களோ என்ற பயம்தான். ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைபோல அரைத்து, தோசை மாவைவிட நன்றாகத் தளர்த்திக் கரையுங்கள். உள்ளங்கையில் அடங்கும் பருத்தித் துணித் துண்டை அதில் நனைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் லேசாக அழுத்தினால் மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். அந்த விரல்தான் எழுதுகோல். போடும்போது கோடு தெரியவே தெரியாது, வெறும் தண்ணீர்த் தடம் போல இருக்கும். முதல் முறை போடுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் பயந்து அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு இழுப்பார்கள். இழுக்காதீர்கள். கால் மணி நேரம் போய்ப் பாருங்கள், பளிச்சென்று வெளுத்திருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. புது வீட்டின் வழவழப்பான டைல்ஸில் மாக்கோலம் பிடிக்காது, காய்ந்ததும் செதில் செதிலாக உரியும். வீட்டுக் கதவுக்கு வெளியே இருக்கும் பொது நடைபாதையின் சிமெண்டுத் தரையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அக்டோபர், நவம்பரில் பாதி நாட்களில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வரும், திறந்த நடைபாதை என்றால் சாரல் அடித்துக் கோலம் கரைந்துபோகும். நான் பரிந்துரைப்பது பலகை. ஹார்ட்வேர் கடையில் ஒரு மெல்லிய பிளைவுட் துண்டை, இரண்டடிக்கு இரண்டடி போதும், வெட்டித் தரச் சொல்லுங்கள். செங்கல் நிறத்தில் பெயிண்ட் பூசிக் காயவிட்டு அதன் மேல் மாக்கோலம் போடுங்கள். கதவுக்கு உள்பக்கம், கால் படாத இடத்தில் சுவரோரமாகத் தரையில் வையுங்கள். பண்டிகை முடிந்து கழுவினால் பலகை அடுத்த கோலத்துக்குத் தயார். பொங்கலுக்கும் இதே பலகை.

எறும்பு வரும். எறும்புக்குத்தானே அரிசிமாவில் கோலம் போடுவது என்று ஊரில் சொல்வார்கள். பத்தாவது மாடி எறும்பு கோலத்தோடு நிற்காமல் நேராக அதிரசத் தட்டுக்குப் போகும், அதனால் பலகாரத்தைத் தள்ளி வையுங்கள். பலகாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முறுக்கையும் ஓமப்பொடியையும் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்துச் சமையலறைக்குள் ஒளித்து வைக்கிறோமே, ஏன்? கூடத்து மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துப் பாருங்கள். இந்த ஊரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று இனத்துக்கும் பண்டிகை வந்துவிட்டது என்று சொல்வதே அந்தச் சிவப்பு மூடிகள்தான்.

நடைபாதையில் எதை வைப்பதாக இருந்தாலும் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும், அது தீயணைப்பு விதி. அகல் விளக்கை நடைபாதைக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். ஒரு காற்று அடித்தால் அது கீழே போகிறவர் தலையில் விழும். வாசலில் காலருகே, மணல் பரப்பிய தாம்பாளத்தில் வைத்து, எரிகிற வரை ஒருவர் பக்கத்தில் இருங்கள். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயில் பாதியை மண்ணே குடித்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை வேண்டுமே. வங்கிகளும் கடைகளும் கொடுக்கும் தீபாவளிப் பண உறைகள் வீட்டில் மிச்சம் கிடக்கும். அக்கம்பக்கத்துச் சீன வீடுகளில் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை கட்டுக்கட்டாக மிஞ்சியிருக்கும், கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். சீனர்கள் அந்த உறைகளில் விளக்குக் கூண்டும் மீனும் அன்னாசியும் செய்து தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நாமும் செய்யலாம். உறையின் ஒட்டைப் பிரித்து ஒரே தாளாக விரியுங்கள். நீளவாட்டில் பாதியாக மடித்து, மடித்த பக்கத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்கள். மறு ஓரத்துக்கு ஒரு விரல் மிச்சம் வைக்க வேண்டும், அதைப் பெரிய பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். விரித்து உருளையாகச் சுற்றி ஒட்டினால் நடுவே புடைத்துக்கொண்டு கூண்டு வந்துவிடும். மேலே ஒரு பட்டையைக் கைப்பிடியாக ஒட்டி நூலில் கோத்தால் ஜன்னல் கம்பிக்குச் சரம் தயார். நாலு வயசுக்காரர் பசை தடவட்டும். கோணலாகத்தான் வரும், நிமிர்த்தாதீர்கள். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு மட்டும் போடலாம்.

மூலைக்கு வருவோம். ஒரு சின்ன மேசை, அதன் மேல் மாமியாரின் பழைய பட்டுச் சேலை, பார்டர் முன்பக்கம் விழும்படி மடித்தது. குத்துவிளக்கோ சொம்போ, வீட்டில் இருக்கிற பித்தளையில் ஒன்று. ஒன்றே ஒன்று போதும், நன்றாகப் புளி போட்டுத் தேய்த்ததாக இருக்கட்டும். கல்யாணப் போட்டோவையும் பரிசுக் கோப்பைகளையும் அந்த வாரத்துக்கு அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். பக்கத்தில் உருளியிலோ அகலமான எவர்சில்வர் பாத்திரத்திலோ தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடலாம். ஆனால் இது சிங்கப்பூர். கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் போதும், அதுவும் டெங்கிக் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் தண்ணீரே வேண்டாம், தாம்பாளத்தில் உதிரிப் பூ பரப்பினால் போதும்.

சாம்பிராணி போடுவீர்கள் என்று நினைக்கிறேன். புது வீட்டில் கூரையைப் பாருங்கள், வட்டமாக ஒரு தீ எச்சரிக்கைக் கருவி இருக்கும். 2018 ஜூன் முதல் புது வீடுகளில் அது கட்டாயம். அதற்கு நேர் கீழே தூபக்காலோடு நின்றால் புளோக் முழுக்கத் தீபாவளி தெரிந்துவிடும். ஜன்னல்களைத் திறந்து, கருவியை விட்டுத் தள்ளி, கொஞ்சமாகப் போடுங்கள்.

பி.குறிப்புக்கு வருகிறேன். தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் இடைவெளி வருடத்துக்கு வருடம் மாறும். 2023இல் நவம்பர் 12 தீபாவளி, இரண்டே வாரத்தில் கார்த்திகை வந்துவிட்டது. 2024இல் அக்டோபர் 31 தீபாவளி, கார்த்திகை டிசம்பர் 13, ஆறு வாரம். ஒன்று தேய்பிறைக் கணக்கு, மற்றது கார்த்திகை மாதத்து நட்சத்திரக் கணக்கு. அதனால் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இலையும் பூவும் காய்ந்த அன்றே போய்விட வேண்டும், அதில் உங்கள் கணவர் பக்கம் நான். எல்இடி சரமும் மேசை விளக்கும் அகலும் கார்த்திகை வரை இருக்கட்டும், அதில் மாமியார் பக்கம். பண உறைக் கூண்டுகளை மடித்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். சீனப் புத்தாண்டு முடிந்ததும் பக்கத்து வீட்டில் உறை கேட்க மறக்காதீர்கள், அடுத்த வருடம் சரத்தை ஜன்னலிலிருந்து வாசல் கதவு வரை நீட்டலாம்.

அன்புடன்,
அக்கா