ஃபோல்சம் சிறையில் எழுந்த ஆரவாரம் யாருடையது?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1968இல் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள் பாடிப் பதிவுசெய்த கன்ட்ரி இசைத்தொகுப்பைச் சென்ற இதழில் வெகுவாகப் புகழ்ந்திருந்தீர்கள். முதல் பாட்டிலேயே, 'சாவதைப் பார்ப்பதற்காகவே ஒருவனைச் சுட்டேன்' என்ற பொருளில் வரும் வரிக்குக் கைதிகள் கூச்சலிட்டுக் கொண்டாடுகிறார்கள். கொலைகாரர்களுக்கு முன்னால் கொலையைப் பாடி, சரிந்துகிடந்த தன் சந்தையை நிமிர்த்திக்கொண்ட ஒருவரைத் தூக்கிப்பிடிப்பது பொறுப்புள்ள பத்திரிகைக்கு அழகா? இப்படிப்பட்டவர்கள் திருந்துவார்கள் என்று யார் நம்புவது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த வரிக்கு அந்தக் கைதிகள் கூச்சலிடவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து ஒலிநாடாக்கள் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, அந்த வரியின் முடிவில் ஆரவாரம் தனியே ஒட்டப்பட்டது. ஃபோல்சம் நிகழ்ச்சியை ஆராய்ந்து நூல் எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்குத் இதைத் தெளிவாகவே பதிவுசெய்திருக்கிறார். ஆயுதம் தாங்கிய காவலர்கள் கண்காணித்துக்கொண்டிருந்த உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்த அவர்கள், குற்றத்தையும் சிறையையும் சொல்லும் வரிகளுக்கு வாய்விட்டு மகிழ்ந்தால் அதற்கான பலனைப் பின்னால் அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சி, அத்தகைய இடங்களில் அடங்கியே இருந்தார்கள். அவர்கள் எழுப்பாத ஒலியை வைத்து நீங்கள் அவர்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே அந்த ஒலியை நம்பித்தான் அவர்களை எடைபோட்டு வருகிறது. சென்ற இதழில் நான் அந்தத் தொகுப்பைப் பாராட்டியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் அந்த ஒட்டுவேலையை அம்மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன்.

அந்த நிறுவனத்தின் போக்கு இதோடு நிற்கவில்லை. தொகுப்பு 1968 மே மாதம் வெளிவந்தது. ஜூன் தொடக்கத்தில், அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் இருந்த ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையைச் சொல்லும் அந்த வரி காதில் விழுவதை வானொலி நிலையங்கள் விரும்பாமல் பாட்டை ஒலிபரப்புவதையே நிறுத்தியதும், கேஷ் எதிர்த்தும் கேளாமல், தனிப்பாடலாக வெளியிட்ட தட்டிலிருந்து அந்த வரியையே வெட்டி நிறுவனம் மறுபடி விற்பனைக்கு விட்டது. சில வாரங்களுக்கு முன் எந்த வரிக்குப் பொய்யான ஆரவாரத்தைச் சேர்த்தார்களோ அதே வரி, விற்பனைக்கு இடைஞ்சல் என்று ஆனவுடன் பாட்டிலிருந்து காணாமல் போனது. கொலையைச் சரக்காக்கியது யார் என்று கேட்கப் புகுந்தால், கேள்வி போய்ச் சேர வேண்டிய முகவரி சிறை அல்ல.

இனி அந்த வரிக்கு வருவோம். பாட்டு ஃபோல்சமுக்காக அன்று எழுதப்பட்டதன்று. கேஷ் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து மேற்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க்கில் பணியாற்றியபோது, அதே சிறையைப் பற்றிய திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதி, 1955இல் முதலில் பதிவுசெய்தார். மெட்டையும் சில வரிகளையும் கார்டன் ஜென்கின்ஸ் என்ற இசையமைப்பாளரின் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, பிற்பாடு அதற்குப் பணம் கொடுத்துத் தீர்வு காண வேண்டிவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அவருக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அல்ல. ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கொல்வதற்கு இருக்கக்கூடிய காரணங்களிலேயே மிகக் கேவலமானது எது என்று யோசித்தபோது அந்த வரி பிறந்ததாகக் கேஷ் விளக்கியிருக்கிறார். அதாவது, பாட்டில் பேசுபவன் தன் செயலுக்கு எந்தச் சமாதானமும் இல்லாதவன். துப்பாக்கியோடு விளையாடாதே என்று தாய் சொன்னதை நினைக்கிறான். சிறைக்கு வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டுத் தலைகவிழ்ந்து அழுகிறான். இந்தத் தண்டனை தனக்கு வர வேண்டியதுதான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். இதில் கொண்டாட்டம் எங்கே இருக்கிறது?

சந்தையை நிமிர்த்திக்கொண்டார் என்கிறீர்கள். மாத்திரைப் பழக்கத்தால் அவருடைய வாழ்க்கையும் தொழிலும் அறுபதுகளின் நடுவில் ஆட்டம் கண்டிருந்தது உண்மை. இந்தத் தொகுப்பு அவரை மீண்டும் முன்வரிசைக்குக் கொண்டுவந்ததும் உண்மை. ஆனால் அவர் டெக்சாஸின் ஹன்ட்ஸ்வில் சிறையில் பாடியது 1957இல். அதன் பிறகு பத்தாண்டுக் காலம், ஒலிநாடா ஏதும் சுழலாத எத்தனையோ சிறைகளில் அவர் பாடினார். ஃபோல்சமிலேயே 1966இல் ஒருமுறை பாடியிருக்கிறார். சிறையில் பாடுவதைப் பதிவுசெய்து வெளியிடலாம் என்று அவர் சொல்லிவந்ததை நிறுவனம் காதில் வாங்கவில்லை. 1967இல் பாப் ஜான்ஸ்டன் தயாரிப்பாளராக வந்த பிறகே அது நடந்தது. விளம்பரத்துக்காகச் சிறைக்குப் போகிறவர், விளம்பரமே கிடைக்காத பத்தாண்டை இப்படிச் செலவிட்டிருக்க மாட்டார். (அவர் ஆயுள்கைதியாக இருந்தவர் என்று நம்புவோரும் உண்டு. சில இரவுகள் காவல்நிலைய அறைகளில் கழித்ததைத் தவிர, அவர் சிறைத்தண்டனை அனுபவித்ததில்லை.)

கைதிகள் உண்மையாகவே ஒலித்த இடங்களைக் கேளுங்கள் என்றே உங்களிடம் வேண்டுகிறேன். 1968 ஜனவரி 13, சனிக்கிழமை, காலையில் ஒன்றும் மதியத்தில் ஒன்றுமாக இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. தட்டில் இருப்பது பெரும்பாலும் காலை நிகழ்ச்சி. அதில் தூக்குமேடையில் நிற்கும் ஒருவன் தனக்கு மிஞ்சியிருக்கும் நிமிடங்களை ஒவ்வொன்றாக எண்ணும் வேடிக்கைப் பாட்டு ஒன்று வருகிறது. ஃபோல்சமில் 1937 வரை 93 பேரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்துகொண்டு, நிமிடங்கள் குறையக் குறையக் கைதிகள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் குரூரம் இல்லை, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வெளியிலிருந்து வந்த ஒருவன் ஒளிக்காமல் பேசுகிறான் என்ற ஆசுவாசம்தான் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தின் இருளைப் பாடும்போது கூட்டத்திலிருந்து யாரோ எழுப்பும் குரலில் கேஷுக்கே சிரிப்பு வந்து பாட்டு தடுமாறுகிறது. பதிவாகிக்கொண்டிருக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று அவர் செல்லமாகக் கடிந்துகொள்கிறார். பாட்டுகளுக்கு நடுவே ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பையும் கவனியுங்கள். இன்ன கைதியை வரவேற்பு அறைக்கு அழைக்கிறார்கள் என்று சொல்லும் அந்தக் குரல், அவரைப் பெயரால் கூப்பிடவில்லை, எண்ணால் கூப்பிடுகிறது. கூடத்தில் இருந்தவர்கள் யார், அங்கே எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கு ஒட்டுப்போட்ட கூச்சலைவிட அந்த ஓர் அறிவிப்பே நம்பகமான சாட்சி.

கடைசிப் பாட்டுதான் உங்கள் இறுதிக் கேள்விக்கு நேராக வருகிறது. அதை எழுதியவர் க்ளென் ஷெர்லி, ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த குற்றத்துக்காக அங்கே அடைபட்டிருந்தவர். ஃபோல்சம் சிறைக்குள் இருக்கும் கருங்கல் தேவாலயத்தைப் பற்றிய பாட்டு அது. அவர் பாடிப் பதிவுசெய்த நாடாவைச் சிறைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஃப்ளாய்ட் கிரெசெட் என்ற போதகர் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கேஷிடம் போட்டுக்காட்ட, அவர் அன்றிரவே குழுவோடு உட்கார்ந்து அதைப் பாடம் செய்தார். மறுநாள், இந்தப் பாட்டை எழுதியவர் இதே சிறையில் இருக்கிறார் என்று மேடையில் அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த ஷெர்லிக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. தங்களில் ஒருவன் எழுதிய பாட்டு என்று தெரிந்ததும் அந்தக் கூட்டம் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கேளுங்கள்.

ஷெர்லி திருந்தினாரா என்று கேட்பீர்கள். இதில் இனிப்பு தடவிச் சொல்ல எனக்கு மனமில்லை. 1971இல் அவர் விடுதலையானபோது கேஷ் வாசலில் நின்று அழைத்துப்போனார், தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1972இல் இருவரும் அமெரிக்கச் செனட்டின் துணைக்குழு முன் சிறைச் சீர்திருத்தம் குறித்துச் சாட்சியம் அளித்தார்கள். ஆனால் வெளியுலகத்தின் வேகத்துக்கும் மேடை வெளிச்சத்துக்கும் ஷெர்லியால் ஈடுகொடுக்க முடியவில்லை, குழுவிலிருந்து விலக்கப்பட்டார், 1978இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். பதினெட்டு மாதமோ பதினெட்டு ஆண்டோ எண்ணாக வாழ்ந்த ஒருவனை ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் நிறுத்தியதில் கேஷின் நல்லெண்ணமும் இருந்தது, அவசரமும் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே வேளையில், ஐம்பதுகளின் இறுதியில் சான் குவெண்டின் சிறையில் கேஷ் பாடியதைக் கைதியாக உட்கார்ந்து கேட்ட மெர்ல் ஹேகார்ட், கன்ட்ரி இசையின் மிகப் பெரிய பாடலாசிரியர்களில் ஒருவராக உயர்ந்தார். 1972இல் கலிஃபோர்னிய ஆளுநராக இருந்த ரானல்ட் ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு அளித்தார். ஒருவர் கரையேறினார், இன்னொருவர் மூழ்கினார். 'இப்படிப்பட்டவர்கள்' என்று நீங்கள் ஒரே சொல்லில் அள்ளிய கூட்டத்தில் இந்த இருவருமே அடக்கம்.

2008இல் அன்றைய இரண்டு நிகழ்ச்சிகளும் முழுமையாகச் சேர்த்து வெளியிடப்பட்டிருக்கின்றன. 1968ஆம் ஆண்டுத் தட்டை மட்டும் கேட்டு முடிவுக்கு வந்திருந்தால், அதையும் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் கடைசி வாக்கியத்தை அப்போதும் இதே வடிவத்தில் அனுப்ப விரும்புகிறீர்களா என்று எழுதுங்கள்; மாற்றாமல் வெளியிடுகிறேன்.