சித்திரை முதல் நாளும் ஒரு புகைச் சட்டையும்

"என் கணவர் லுங்கி நெய்தவர். இருபது வருடத்துக்கு மேல் தீயணைப்பு நிலையத்தில் தன்னார்வலராகவும் இருந்தார். சம்பளம் கிடையாது. குடிசை பற்றினாலும், மாடு கிணற்றில் விழுந்தாலும் தறியை விட்டு எழுந்து ஓடுவார். போன ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். கடைசியாகத் தீயணைக்கப் போனபோது போட்டிருந்த சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. மருமகள் முகம் சுளிக்கிறாள். ஏப்ரல் 14 அன்று நிலையத்தில் அஞ்சலி நடக்கும், அவர் தவறாமல் போவார். இந்த முறை நான் போக நினைக்கிறேன். 'வருஷம் முடியலை, நல்ல நாளில் நீ போய் நிற்கக் கூடாது. அவர் என்ன தீயிலா செத்தார்?' என்கிறார்கள். நான் செய்வது தப்பா?"
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

அன்புச் சகோதரி,

தப்பே இல்லை. போங்கள்.

அன்று தமிழ்ப் புத்தாண்டு என்பதால்தான் வீட்டில் தடுக்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் தீயணைப்பு நிலையத்தில் அது பண்டிகை நாள் இல்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் தீப்பிடித்தது. கப்பல் வெடித்துச் சிதறியதில் அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்காகத்தான் நாடு முழுக்க அன்று மலர்வளையம் வைத்துத் தலைகுனிந்து நிற்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர் துக்கம் நடக்கிற இடத்துக்குப் போவதில் என்ன குறை? கணவரை இழந்தவள் நல்ல நாளில் எதிரே வரக்கூடாது என்கிற பேச்சை நான் எந்த நாளிலும் ஏற்றதில்லை. உங்கள் விஷயத்தில் அதைக் கேட்கவே மனசு கொதிக்கிறது.

'தீயிலா செத்தார்' என்கிறார்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் பின்பக்கம் பென்சிலில் நான்கு வரி எழுதியிருந்தீர்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் நேராக உள்ளே வரமாட்டார், திண்ணையில் உட்கார்ந்து இரண்டு சொம்பு நீர்மோர் குடித்த பிறகுதான் வாய் திறப்பார், அதுவும் "மாடு பிழைச்சிடுச்சு" என்று ஒரே வார்த்தைதான் என்று. அந்த நான்கு வரியைப் பல முறை படித்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். அதற்காகத்தானே நீங்கள் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தீர்கள்? அவர் போன தீ ஊருக்குத் தெரியும். திரும்பி வந்த ராத்திரிகள் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை.

சொல்லும்போது அவர் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி எனக்குத் தெரியும், காட்பாடியில் வளர்ந்தவள் நான். பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே இருக்காது. மாடு மேய்ந்துகொண்டே போய் விழுந்துவிடும். மிரண்டு உதைக்கிற மாட்டின் வயிற்றுக்கு அடியில் கயிறு கொடுத்துக் கட்டுவது லேசான காரியமா? அப்புறம் வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூட வேண்டும், சிலிண்டரில் தீப்பிடித்தால் ஈரச் சாக்கைப் போட்டு மூட வேண்டும், உடனே 101-ஐ அழைக்க வேண்டும் என்று அவர் பத்து பேருக்காவது சொல்லிக் கொடுத்திருப்பார். அதே வார்த்தையில் பேத்திக்குச் சொல்லிக் கொடுங்கள். "இது தாத்தா சொன்னது" என்று அவள் அடுப்படியில் சொல்லும் நாள் வரும்.

சட்டையைத் துவைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, அவர் நெய்த பழைய லுங்கி ஒன்றில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். புகை வாசனை மெல்ல மெல்லக் குறையத்தான் செய்யும். குறைந்துவிட்டால் உங்கள் மேல் பழி இல்லை. மருமகளிடம் கோபப்படாதீர்கள். அவளுக்கு அது அழுக்குச் சட்டையாகத்தான் தெரியும், அந்தத் திண்ணை ராத்திரிகளை அவள் பார்க்கவில்லையே. அந்த நான்கு வரியை அவளிடமும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

சரி, 14-ஆம் தேதி வெறும் கையோடு போக வேண்டாம். பாயசமும் மாங்காய்ப் பச்சடியும் இந்த வருடம் உங்கள் வீட்டில் இருக்காது. ஆனால் நிலையத்தில் பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அன்று வீட்டுச் சாப்பாடு இருக்காது. சித்திரை வெயிலில் ஒரு குடம் நீர்மோர் கரைத்து எடுத்துப் போங்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, அவருக்குக் கரைத்த அதே பக்குவத்தில்.